கூழும் டப்பா பட்டாணியும் ஒரு பேலன்ஸ் ஷீட்டும்

ஒரு தகர டப்பாவைத் திறக்க எத்தனை பேர் வேண்டும்?

காணையில் எங்கள் வீட்டில் ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். நான் டப்பாவை அசையாமல் பிடித்துக்கொண்டேன். அப்பா அதன் தலையில் உளியை நிறுத்தினார். எதிர்வீட்டு ஆசாரி மாமா சுத்தியலை ஓங்கினார். அம்மா, "கையி... கையி!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவது ஆள் என் ஆயா. அம்மாவைப் பெற்றவள், எண்பது வயசு. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கமெண்ட்ரி சொன்னாள்.

"இம்மாம் பாடுபட்டுத் தொறந்து இன்னாத்தடா எடுக்கப் போறீங்க?"

"பட்டாணி, ஆயா."

"பட்டாணியா! நான் தங்கமோன்னு பாத்தன்."

சிரிக்காதீர்கள் ஸார். டப்பா திறக்கும் கருவி இல்லாமல் டப்பா வைத்துக்கொண்டு விழித்தது காணைக்காரர்கள் மட்டுமல்ல. உணவைக் கெடாமல் அடைத்துவைக்கும் வித்தையை உலகத்துக்குச் சொன்னவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர். கண்ணாடிப் பாட்டிலில் உணவைப் போட்டு, தக்கையால் இறுக மூடி, கொதிக்கும் தண்ணீரில் வேக வைத்தார். 1810-ல் பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அதே வருஷம் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் தகர டப்பாவையும் சேர்த்துப் பேட்டண்ட் வாங்கினார். டப்பா வந்துவிட்டது. திறப்பான்? அது உருப்படியாக வந்தது 1850-களில்! நடுவில் நாற்பது சொச்சம் வருஷம், உளியும் சுத்தியலும்தான். 1820-களின் டப்பா ஒன்றின் மேலேயே, உளி சுத்தியலால் மேல் விளிம்பை ஒட்டி வெட்டச் சொல்லி எழுதியிருந்தார்கள். அந்த வகையில் எங்கள் குடும்பம் சரித்திரத்தைத்தான் திருப்பி நடத்திக்கொண்டிருந்தது.

சரி, காணைக்குப் பிரெஞ்சுப் பட்டாணி எப்படி வந்தது?

விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் ஊர் எங்கள் ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்பதால் எங்களுக்கெல்லாம் தலைநகரத்துக்காரர்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. விழுப்புரத்திலிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டர் போனால் புதுச்சேரி. அங்கே 1962-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் நிறைய. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை அங்கே 'சொல்தா' என்பார்கள். அப்படி ஒரு சொல்தா வீட்டில்தான் என் அத்தையைக் கொடுத்திருக்கிறது. முப்பது வருஷமாகப் பாரிஸ் பக்கம் வாசம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். போனமுறை வந்தபோது பெட்டியில் சென்ட்டுக்குப் பதில் டப்பாக்கள். பட்டாணி, பீன்ஸ், கேரட், மக்காச்சோளம். பாதி டப்பாக்களுக்கு வளையம் இருந்தது. இழுத்தால் திறந்துகொள்ளும். மீதிக்குத்தான் ஆசாரி மாமா.

காரணம் என் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. அந்தப் பாப்பாவுக்கே அப்போது ஐந்தாம் மாசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று கணக்கு. ஏழுக்குக் கீழே போனால் ஆபத்து. எட்டு புள்ளி ஆறு என்பது நடுவாந்திரம்.

அத்தை போனில் செய்தி கேட்டுப் பதறிப்போய், இருபத்து மூன்று கிலோ லக்கேஜில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்கிவிட்டார்.

"ராஜா, இதெல்லாம் பறிச்ச சில மணி நேரத்துல டப்பாவுல அடைக்கிறது. நீங்க சந்தையில வாங்கற வாடின காயிவிட இதுல சத்து நிக்கும். புள்ளைக்கு தெனம் பாதி டப்பா குடு."

ஆயா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள்: "கேவுரு."

கேவுரு என்றால் கேழ்வரகு. எங்கள் பக்கம் அப்படித்தான். ஆயாவின் வைத்தியத்தில் எல்லா வியாதிக்கும் இரண்டே மருந்து. ஒன்று கேவுரு கூழ். இன்னொன்று, அதையே இன்னும் ஒரு சொம்பு.

இரண்டு கட்சியும் முறைத்துக்கொண்டு நிற்கையில் அப்பா என்னைப் பார்த்தார். "இவன் பி.காம். படிச்சிருக்கான். பத்திரிகைல வேற எழுதுறான். எதுல சத்து ஜாஸ்தின்னு கணக்குப் போட்டுச் சொல்லட்டும்."

பி.காம். முடித்த பதினைந்து வருஷத்தில் என் படிப்பை அப்பா மதித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

* * *

கணக்கு நம்பர் ஒன்று.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் இந்திய உணவுகளுக்கெல்லாம் சத்து அட்டவணை போட்டிருக்கிறது. அதன்படி 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம், இரும்புச்சத்து 4.6 மில்லிகிராம், புரதம் 7 கிராம் சொச்சம், நார்ச்சத்து 11 கிராம். நாம் மூன்று வேளையும் கும்பிடுகிற வெள்ளை அரிசியில் சுண்ணாம்பு 8 மில்லிகிராம்கூட இல்லை, இரும்பு ஒன்றுக்கும் கீழே.

டப்பா பட்டாணிக்கு அமெரிக்க விவசாயத் துறையின் அட்டவணை. தண்ணீரை வடித்துவிட்டு 100 கிராம் எடுத்தால் புரதம் நாலரை கிராம், இரும்பு சுமார் ஒரு மில்லிகிராம், சுண்ணாம்பு 20 மில்லிகிராம், வைட்டமின் சி பத்து மில்லிகிராம்.

எழுந்து நின்று முடிவை அறிவித்தேன். "கேவுருதான்! இரும்பில் நாலு மடங்குக்கு மேல். சுண்ணாம்பில் பதினெட்டு மடங்கு!"

ஆயா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. அப்போது கட்டிலில் படுத்திருந்த பாப்பா மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணா, அந்த நூறு கிராம் கேவுரு மாவு... அப்படியே வாயில கொட்டிக்கணுமா?"

அவள் பிளஸ் டூ. நான் பி.காம். இருந்தாலும் கேள்வி நியாயமான கேள்வி.

கேழ்வரகு மாவில் தண்ணீர் நூற்றுக்குப் பத்து, பதினொரு பங்குதான். டப்பா பட்டாணியில் எண்பது பங்கு தண்ணீர். உலர்ந்ததையும் ஊறினதையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டு ஒன்று ஜெயித்தது என்பது, ஒருத்தனுக்குப் பிடித்தம் போகுமுன் உள்ள சம்பளத்தையும் இன்னொருத்தனுக்குக் கைக்கு வந்த சம்பளத்தையும் வைத்து யார் பணக்காரன் என்று சொல்வதுபோல. காமர்ஸ் படித்தவன் செய்யக்கூடாத தப்பு. ஆனால் பத்திரிகைகளில் 'அதைவிட இதில் பத்து மடங்கு' என்று வருகிற பெட்டிச் செய்திகளில் பாதி இந்த ரகம்தான். (நானே இரண்டு எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும்.)

கணக்கு நம்பர் இரண்டு. மனுஷி சாப்பிடுகிற அளவில்.

ஒரு சொம்புக் கூழுக்கு ஐம்பது கிராம் மாவு என்று அம்மா சொன்னாள். பாதி டப்பா பட்டாணி என்றால் வடித்த எடை 140 கிராம் வரும். இப்போது பாருங்கள். கூழில் இரும்பு 2.3 மில்லிகிராம், பட்டாணியில் 1.3. வித்தியாசம் ஒரே ஒரு மில்லிகிராம்! நார்ச்சத்து இரண்டிலும் கிட்டத்தட்ட சமம். புரதத்தில் கூழுக்கு மூன்றரை கிராம், பட்டாணிக்கு ஆறு. ஆமாம், பட்டாணி ஜெயிக்கிறது. என்ன இருந்தாலும் அது பயறு ஜாதி. சுண்ணாம்பில் மட்டும் கூழை அடித்துக்கொள்ள ஆளில்லை: சுமார் 180-க்கு 30.

வைட்டமின் சி கேழ்வரகில் பேருக்குக்கூடக் கிடையாது. பட்டாணியிலும் பச்சையாக இருந்தபோது நாற்பது இருந்தது, டப்பாவுக்குள் வெந்து பத்தாகிவிட்டது. அதற்குப் பதிலாக உப்பு சேர்ந்துகொண்டது. நூறு கிராமில் சோடியம் 250 மில்லிகிராமுக்கு மேல். ஒரு நாளைக்கே 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டப்பாத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பட்டாணியை நல்ல தண்ணீரில் இரண்டு அலசு அலசினால் உப்பு கணிசமாகக் குறையும். அத்தைக்கே இது தெரியாது. முப்பது வருஷமாக அந்தத் தண்ணீரோடுதான் சூப் வைக்கிறாராம்.

டப்பா என்றாலே விஷம், கெமிக்கல் என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டப்பாவுக்குள் உணவைக் காப்பது மருந்து அல்ல, சூடு. மூடியபின் வேகவைப்பதால் உள்ளே இருக்கும் கிருமி செத்துவிடுகிறது, புதுக் கிருமி நுழைய வழியில்லை. அப்பேருக்கே இந்தக் காரணம் தெரியாது. அரை நூற்றாண்டு கழித்து பாஸ்டர் வந்துதான் விளக்கினார். பயப்படவேண்டியது உப்பிப்போன டப்பாவுக்கும் கசிகிற டப்பாவுக்கும்தான். உள்ளே கிருமி பிழைத்து வாயு விடுகிறது என்று அர்த்தம். ருசிகூடப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

ஆக, தீர்ப்பு? "ரெண்டு பேருமே பாஸ். ரெண்டும் கொடுக்கலாம்" என்றேன். கட்சிகள் கைகுலுக்கின. காலையில் கூழ், மாலையில் அலசிய பட்டாணிச் சுண்டல். அத்தை சந்தோஷமாகப் பாரிஸுக்கு விமானம் ஏறினார். நானும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய பெருமையோடு இருந்தேன்.

ஒரு மாசம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

8.3.

* * *

குறைந்திருக்கிறது! கூழ் குடித்து, பட்டாணி தின்று, பி.காம். படித்த அண்ணன் கணக்குப் போட்டும் குறைந்திருக்கிறது.

சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நான் நடுவில் புகுந்து என் இரண்டு கணக்கையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் பாப்பாவிடம் கேட்டார்:

"மாத்திரை சாப்பிடுறியாம்மா?"

பாப்பா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"நான் குடுத்த சிவப்பு மாத்திரை. எத்தனை மீதி இருக்கு?"

பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மா தேடினாள். பீரோவில் இல்லை, தலையணைக்கு அடியில் இல்லை. கடைசியில் அடுக்களையில், அத்தை கொண்டுவந்த மக்காச்சோள டப்பா ஒன்று காலியாகக் கிடந்ததே, அதற்குள் இருந்தது. அட்டை அட்டையாக. ஏழெட்டு மாத்திரைகளைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே.

"வாயக் குமட்டுது. வயிறு கட்டிக்குது. கருப்பா வேற போவுது, பயமா இருந்துச்சு" என்று அழுதாள் பாப்பா. "அதான் கூழும் பட்டாணியும் சாப்பிடுறனே, அதுலயே எல்லாம் இருக்குன்னு அண்ணனே சொல்லிச்சே..."

அண்ணனே சொல்லிச்சே! என் கணக்கு அவளுக்கு எதற்குப் பயன்பட்டது பாருங்கள். மாத்திரையை நிறுத்த ஒரு சாட்சியாக!

அம்மா கத்தப்போனாள். அதற்குள் திண்ணையிலிருந்து ஆயா எழுந்து வந்தாள். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்.

"உங்கம்மாக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. தெரியுமா உனக்கு?"

தெரியும். ஒரு பெரியம்மா இருந்து இறந்துபோனாள் என்கிற அளவுக்குத் தெரியும். போட்டோகூடக் கிடையாது.

"தலப்பிரசவம். புள்ள பொறந்துச்சு. ரத்தம் நிக்கல. அவகிட்ட இருந்ததே கொஞ்சம். வெள்ளக் காயிதம் மாரி இருந்தா. மாட்டு வண்டி கட்டி விழுப்புரம் போறதுக்குள்ள..." ஆயா நிறுத்தினாள். "அன்னிக்கு மாத்திரையும் இல்ல, ஊசியும் இல்ல. கூழ் இருந்துச்சு. கூழ் குடிச்சவதான் அவளும்."

எண்பது வயசில் ஆயா கூழுக்கு எதிராகச் சாட்சி சொன்னது அதுதான் முதல் தடவை.

இதுதான் ஸார் விஷயம். பிரசவத்தின்போது எந்தப் பெண்ணுக்கும் ரத்தம் போகும். உடம்பில் இருப்பு இருக்கிறவள் தாங்கிக்கொள்வாள். இருப்பே இல்லாதவளுக்குக் கொஞ்சம் போனாலும் ஆபத்து. இது ஏதோ எங்கள் வீட்டுப் பிரச்னை என்று நினைக்காதீர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 57 பேர். தமிழ்நாட்டில் 53 பேர். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற இரண்டு பெண்களில் ஒருத்திக்கு இருக்கலாம். அடுத்தவளுக்குத்தான் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

* * *

மறுநாள் நர்ஸ் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

கடையில் பத்தாயிரம் ரூபாய்க்குச் சரக்கு விற்றால் லெட்ஜரில் பத்தாயிரம் வரவு. ஆனால் அவ்வளவும் கடனுக்குப் போயிருந்தால்? வசூலானால்தான் காசு. வசூலாகாவிட்டால் அதற்கு எங்கள் படிப்பில் 'வராக்கடன்' என்று பெயர். உணவில் இருக்கிற இரும்பும் அப்படித்தான். அட்டவணையில் இருப்பது விற்பனை. ரத்தத்தில் சேருவதுதான் வசூல்.

தானியங்களில் இருக்கும் இரும்பில் நூறு பங்கில் ஐந்து, பத்துப் பங்கு உடம்பில் சேர்ந்தாலே பெரிய காரியம். விதைக்குள் பைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அது இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குடலில் விடமாட்டேன் என்கும். கேழ்வரகின் மேல்தோலில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் அதற்குக் கூட்டு. கீரையிலும் இதே கதைதான். கார்ட்டூனில் ஒரு மாலுமி டப்பா கீரையை விழுங்கிப் புஜத்தை முறுக்குவானே, பாப்பாய், அந்தக் கீரையின் இரும்பும் பெரும்பாலும் வராக்கடன்தான். அந்தக் காலத்தில் யாரோ புள்ளியைத் தப்பாக வைத்ததால் கீரைக்குப் பத்து மடங்கு இரும்பு என்று கணக்கு வந்துவிட்டது என ஒரு கதை உண்டு. அதற்கும் ஆதாரம் இல்லை என்று 2010-ல் ஒருவர் ஆராய்ந்து எழுதிவிட்டார். தப்பைத் திருத்தின கதையே தப்பு!

அப்படியானால் வசூலுக்கு வழி? இருக்கிறது. அதில் பாதியை ஆயா ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தாள், காரணம் தெரியாமல்.

ஆயா கேவுரு மாவை ராத்திரியே கரைத்துப் புளிக்க வைப்பாள். மறுநாள் நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றிக் கிண்டுவாள். புளிக்கும்போது பைட்டிக் அமிலத்தில் ஒரு பகுதி உடைந்துபோகிறது. தானியத்தை முளைகட்டி அரைத்தாலும் அப்படியே. கூழுக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக் கீரை, மாங்காய், கருவாட்டுக் குழம்பு. மாங்காயில் வைட்டமின் சி. அது இரும்பைக் கரைத்துக் குடலுக்குள் தள்ளிவிடும் வசூல்காரன். கருவாட்டில் இருக்கிற மீன் சத்தும் கூட வந்த தானியத்து இரும்பை இழுத்துக்கொண்டு போகும். கூழ் தனி ஆள் இல்லை. கூட வருகிற பரிவாரம்தான் அதற்குப் பலம். நாம் என்ன செய்கிறோம்? பரிவாரத்தை வாசலில் நிறுத்திவிட்டு, கேழ்வரகை மட்டும் பாக்கெட்டில் போட்டு, 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்ததும், பிஸ்கட் ஆக்கிச் சாப்பிட்டோம்.

டப்பா பட்டாணிக்கும் அதே விதி. சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் அதன் மதிப்பு கூடும். சாப்பிட்ட பிறகு ஒரு நெல்லிக்காய், இல்லை ஒரு கொய்யாப்பழம். இரண்டிலும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. நாலைந்து டப்பா பட்டாணி ஒரு கொய்யாவுக்கு ஈடாகாது. அந்தக் கொய்யா எங்கள் கொல்லையில் அணில் கடித்து விழுந்து கிடந்தது.

"இன்னொண்ணு" என்றார் நர்ஸ் அம்மா. "ஒங்க தங்கச்சி சாப்பிட்ட ஏழெட்டு மாத்திரையையும் எதோட சாப்பிட்டுச்சு கேளுங்க."

கேட்டேன். டீயோடு! டீயும் காபியும் இரும்புக்குப் பரம எதிரி. அதோடு விட்டாளா? சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும், இரும்பு வெளியே நின்றுவிடும். இரும்பு ஒரு வேளை, சுண்ணாம்பு வேறு வேளை. டீ ஒரு மணி நேரமாவது தள்ளி.

"அப்ப சாப்பாட்டுலயே சரி பண்ண முடியாதாம்மா?" என்றேன், என் கணக்கின் மேல் இருந்த கடைசி ஆசையில்.

அவர் சிரித்தார். "எவ்வளவு வேணும்னு நீங்களே கணக்குப் போடுங்களேன்."

போட்டேன். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது 2020-ல் வந்த பரிந்துரை. கூழும் பட்டாணியும் சேர்ந்து 3.6. அந்தச் சிவப்பு மாத்திரை ஒன்றில் இருப்பது 60 மில்லிகிராம், கூடவே போலிக் அமிலம். அதை ஆறு மாசம், 180 நாள், தினம் ஒன்று என்று கர்ப்பிணிகளுக்குச் சும்மாவே தருகிறார்கள். ரத்தசோகை வந்துவிட்டால் இரண்டு. அறுபது ரூபாயை மக்காச்சோள டப்பாவில் போட்டு மூடிவிட்டு, கூழா பட்டாணியா என்று ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு நாங்கள் பஞ்சாயத்துப் பண்ணியிருக்கிறோம்!

நஷ்டத்தில் மூழ்கின கடைக்குத் தினப்படி வியாபாரம் மட்டும் போதாது. முதல் போட வேண்டும். மாத்திரைதான் முதல். கூழும் கீரையும் பட்டாணியும் தினப்படி வியாபாரம். முதலை வாங்கிப்போட்டுக் கடையைச் சாத்தினாலும் தப்பு, முதல் இல்லாமல் கடையைத் திறந்தாலும் தப்பு.

* * *

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புது நிர்வாகம். காலண்டரில் தினம் ஒரு டிக் மார்க் அப்பா பொறுப்பு. ராத்திரி படுக்குமுன் மாத்திரை. அப்போது போட்டால் குமட்டல் தெரியாது என்று சொல்லிக் கொடுத்தது நர்ஸ் அம்மா. கருப்பாகப் போவது இரும்பின் வேலை, பயப்பட ஒன்றும் இல்லை என்பதை அம்மா பாப்பாவுக்குப் பத்து தடவை சொன்னாள். வயிறு கட்டாமல் இருக்கக் கூழும் கீரையும் நார்ச்சத்தோடு காவலுக்கு இருந்தன. மாத்திரையோடு குடிக்க எலுமிச்சம்பழத் தண்ணீர் என் டிபார்ட்மெண்ட். பி.காம். படித்ததற்கு எனக்கு வீட்டில் கிடைத்த முதல் உத்தியோகம். டீ மட்டும் மாலை நாலு மணிக்கு, ஒரே ஒரு டம்ளர், ஆயாவின் நேரடி மேற்பார்வையில்.

இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய்யெல்லாம் போட்டு அரசாங்கம் கர்ப்பிணிகளுக்குத் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் பரணிலிருந்து இறங்கியது. பேரீச்சம்பழத்தில் பாதியைத் தின்றிருந்தவன் நான்தான் என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு வாரத்தில் 9.7. எட்டாம் மாசம் 10.6.

ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் மறுபடி சண்டை. "கூழு" என்றாள் ஆயா. "பெத்தி புவா" என்று பாரிஸிலிருந்து போனில் கத்தினார் அத்தை. பட்டாணியைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்களாம். "டிக் மார்க்" என்றார் அப்பா. நான் லேசாகத் தொண்டையைச் செருமினேன். யாரும் திரும்பவில்லை. பாப்பா மட்டும் மாத்திரை அட்டையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு, எலுமிச்சம்பழத் தண்ணீருக்காக என்னிடம் டம்ளரை நீட்டினாள்.

சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.9 கிலோ. பாப்பாவுக்கும் ரத்தம் போயிற்று. போகத்தானே செய்யும்? தாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆயா குழந்தையை வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தாயின் பக்கம் திரும்பி, "அவ எப்டி கீறா? கண்ணு முழிச்சாளா?" என்று கேட்டாள். முழித்துக்கொண்டுதான் இருந்தாள். டீ கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கு இந்த மாசம் ஆறு முடிந்து ஏழு. தாய்ப்பாலோடு கேவுரு பால் கஞ்சி ஆரம்பித்திருக்கிறது. முளைகட்டி, அரைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சுவது ஆயாவின் ஏகபோக உரிமை. கேழ்வரகை அளந்து போடும் படி எது தெரியுமா? அதே மக்காச்சோள டப்பா. வளையம் வைத்த டப்பா என்பதால் வாய் விளிம்பு ஒழுங்காக இருக்கிறது. ஒரு காலத்தில் மாத்திரை ஒளிந்திருந்த இடம்.

போன வாரம் அத்தை போன் பண்ணினார். டிசம்பரில் வருகிறாராம். குழந்தைக்கு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டார். கேரட் கூழாம், பட்டாணிக் கூழாம், அங்கே எல்லாம் குட்டி டப்பாவில் கிடைக்கிறதாம்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஆயா திண்ணையிலிருந்தே குரல் கொடுத்தாள்:

"எத்த வேணா எடுத்தாரச் சொல்லு. மொதல்ல அத்தத் தொறக்கற சாமான் ஒண்ணு எடுத்தாரச் சொல்லுடா. ஆசாரி ஊர்ல இல்ல!"